இடைவழியில் நின்ற இரவு வண்டி

மாட்டு வண்டியிற் செல்பவன், பாதை பழுதானால் வண்டியை வயலுக்குள் இறக்கி அப்பால் ஏற்றிக்கொள்வான். மோட்டார் வாகனத்திற் செல்பவன் வேறொரு தெருவாற் சுற்றிச் செல்வான். புகையிரதத்திற் செல்பவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரண்டு இரும்புத் தண்டவாளங்களை நம்பித் தன்னை ஒப்புக்கொடுத்தவன் அவன். அவை எங்கே அறுகின்றனவோ அங்கே அவன் நிற்க வேண்டியதுதான்.

2025ஆம் ஆண்டு கார்த்திகை மாத இறுதியில் டித்வா புயல் நமது தீவைத் தாக்கியபோது, மலைநாட்டு இருப்புப் பாதை பல இடங்களில் மண்சரிவினாற் சிதைந்ததை நாம் அறிவோம். அவ்வேளை இளைஞர் பலர், "பாதை இல்லாமற்போனால் வண்டிக்குள் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டதைக் கேட்டேன். நியாயமான கேள்வி. விடை சொல்லக்கூடிய அனுபவம் எனக்கு ஒருமுறை வாய்த்தது. அது 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 23ஆந் திகதி, மட்டக்களப்பைச் சூறாவளி அழித்த இரவு.

அந்நாளில் நான் கொழும்பிற் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த மாணவன். தந்தையார் காலமாகிவிட்டார். தாயாரும் அவருடைய தாயாரும் மட்டக்களப்பு எழுவான்கரையிலுள்ள எங்கள் சிற்றூரில் வசித்தார்கள். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல், நடுவே மணல். அந்த மணலிலே தந்தையார் தம் கையால் வைத்த நாற்பத்திரண்டு தென்னைகள். வீடு கிடுகு வீடு. என் படிப்புச் செலவு அந்தத் தென்னைகளிலிருந்துதான் வந்தது. தவணை முடிந்ததும் வியாழக்கிழமை இரவு வண்டியில் வருகிறேனென்று தாயாருக்குக் கடிதம் எழுதியிருந்தேன்.

மட்டக்களப்பு இரவுத் தபால் வண்டியை அறியாத கிழக்கிலங்கையார் அக்காலத்தில் இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு இருப்புப் பாதை வந்த நாள்முதல், தலைநகருக்கும் எங்களுக்கும் அதுவே பாலமாக இருந்தது. ஏறக்குறைய 350 கிலோமீற்றர்ப் பிரயாணம். கோட்டையில் இரவு ஏறினால் பொல்காவலை, குருநாகல் கடந்து, மாகோச் சந்தியில் வடபாதையை விட்டுக் கிழக்கே திரும்பும். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்துவிடும். பின்னர் காடும் குளமுமாக மின்னேரியா, ஹிங்குராக்கொடை, பொலநறுவை. விடியும் நேரத்தில் மகாவலியைத் தாண்டினால் வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று எங்கள் பக்கத்துப் பெயர்கள் வரத் தொடங்கும். உத்தியோகத்தர், வியாபாரிகள், வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் நோயாளர், விடுமுறைக்குச் செல்லும் மாணவர் என எல்லோரும் மூன்றாம் வகுப்புப் பலகைகளில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கும் வண்டி அது.

அன்றிரவு என் பெட்டியில் இருந்தவர்களில் நால்வரை இன்றும் மறக்கவில்லை. ஏறாவூரைச் சேர்ந்த முதிய வியாபாரி ஒருவர். எல்லோரும் அவரைக் காக்கா என்றே அழைத்தோம். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்த, குருநாகற் பக்கத்துச் சிங்களவர் ஒருவர். கைக்குழந்தையுடன் தனியே வந்த ஓர் இளந்தாய். கொழும்பிற் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, ஒரு கண்ணைத் துணியாற் கட்டியபடி பேரனுடன் ஊர் திரும்பிய கிழவி. எங்கள் மாவட்ட வழக்கப்படி அவர் எங்களுக்குப் பெத்தா ஆனார்.

கல்லோயாவுக்குப் பின்னர் காற்று மாறியது. முதலில் அது வழக்கமான வாடைக்காற்றென்றே எண்ணினோம். சிறிது நேரத்தில் காட்டு மரங்கள் முறியும் ஓசை வண்டியின் ஓசையையும் மீறிக் கேட்டது. யன்னற் பலகைகளை இறக்கினோம். அவற்றின் இடுக்குகளால் மழை ஊசி போலப் பாய்ந்தது. வண்டி நின்றது, நகர்ந்தது, மீண்டும் நின்றது. யாரோ வெளியே விளக்குடன் ஓடுவதும், கோடரி விழுவதும் கேட்டன. மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, விடிவதற்குச் சற்று முன் வண்டி பொலநறுவை நிலையத்தை அடைந்தது. அதற்கப்பால் அது செல்லவில்லை.

ஏன் செல்லவில்லையென்பதை மாணவர்கள் அறிவது நல்லது. எங்கள் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாதபடி, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரேயொரு வண்டிக்கே இடமளிக்கும் ஒழுங்கு உண்டு. அதற்கு அடையாளமாக வட்டமான ஓர் உலோகத் தகட்டைச் சாரதியிடம் கொடுப்பார்கள். அதனை 'டெப்லட்' என்பர். இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் கம்பியினால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தார் சம்மதித்தாலன்றிப் பொறியிலிருந்து தகடு வெளிவராது. தகடு இல்லையேல் வண்டிக்கு வழியில்லை. அன்றிரவு கம்பங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்து கிடந்தன. நிலைய அதிபர் பொறியின் முன்னே நின்று மீண்டும் மீண்டும் மணியடித்துப் பார்த்தார். மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை. அந்த மௌனமே எங்களுக்குக் கிடைத்த முதற்செய்தி.

விடிந்தபோது நிலையத்தைச் சூழ்ந்த கதுருவெலைக் கடைத்தெரு அடையாளம் தெரியாமற் கிடந்தது. தகரக் கூரைகள் வேலிகளிலும் மரங்களிலும் தொங்கின. பெருமரங்கள் வேரோடு பெயர்ந்து தண்டவாளத்தின் குறுக்கே விழுந்திருந்தன. பொலநறுவையிலேயே இந்நிலையென்றால், காற்று எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தக் கடற்கரையின் நிலை யாது? இதை எல்லோரும் நினைத்தோம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாய்விட்டுச் சொல்லாததை வதந்தி சொல்லிற்று. மத்தியானத்துக்குள், மட்டக்களப்பு நகரம் கடலுக்குள் போய்விட்டதென்று ஒருவர் வந்து சொன்னார். வாவியும் கடலும் ஒன்றாகிவிட்டனவென்றார் இன்னொருவர். 1964ஆம் ஆண்டு மார்கழியில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும், அங்கு சென்ற புகையிரதம் பிரயாணிகளோடு அழிந்ததும் அப்போது பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய கதை. ஆகவே அந்தப் பேச்சைப் பொய்யென்று தள்ள எவருக்கும் துணிவில்லை. என் மனக்கண்ணில் அந்தக் கிடுகுக் கூரையும் அதன் கீழ் இரண்டு பெண்களுமே நின்றார்கள். நான் தண்டவாளத்தின் ஓரத்திலே போய்க் குந்திவிட்டேன்.

அப்போதுதான் பெத்தா என்னைக் கூப்பிட்டார்.

"மனே, நீ படிச்ச பொடியன்தானே? கடதாசியும் பேனையும் வச்சிருப்பாய். எடு. இந்த வண்டியில பால் குடிக்கிற பிள்ளையள் எத்தனை, நோயாளியள் எத்தனை, கையில காசில்லாத சனம் எத்தனை எண்டு எண்ணிக்கொண்டு வா."

"ஏன் பெத்தா?"

"நீ அழுதா உன்ர அம்மைக்கு என்ன கிடைக்கும்? எண்ணினா இந்தப் பிள்ளைக்குப் பாலெண்டாலும் கிடைக்கும்."

பேரனை அனுப்பியிருக்கலாம். என்னைத்தான் அனுப்பினார். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினேன். முதலில் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அது 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரம் நடந்து ஓராண்டு சற்றே கழிந்த காலம். சிங்களப் பிரதேசமொன்றில் தமிழ்ப் பிரயாணிகள் நிறைந்த வண்டி நின்றால் மனங்களில் என்ன ஓடுமென்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழில் உரக்கப் பேச வேண்டாமென்று ஒரு தகப்பனார் தம் பிள்ளைகளை அடக்கினார். கடதாசி ஆலைத் தொழிலாளி இதைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து என்னுடன் வந்தார். சிங்களக் குடும்பங்களிடம் அவர் கேட்டார்; தமிழ், முஸ்லிம் குடும்பங்களிடம் நான் கேட்டேன். இருவரும் ஒரே கடதாசியில் எழுதினோம். பால்குடிக் குழந்தைகள் பதினொன்று. நோயாளர் ஒன்பதின்மர். மறுவேளை உணவுக்குக் கையிற் காசில்லாதவர்கள், கூச்சம் விட்டுச் சொன்னவர்கள் மட்டும், இருபத்தாறு பேர்.

பட்டியல் கையில் வந்ததும், அதுவரை 'சனம்' என்று இருந்தது கணக்காக மாறிற்று. கணக்கென்றால் ஏதாவது செய்யலாமல்லவா? காக்கா தம் தலைப்பாகையை அவிழ்த்து ஏந்தினார். இருந்தவர்கள் இருந்ததைப் போட்டார்கள். கடைத்தெருவில் அவருக்குத் தெரிந்த வியாபாரியொருவர், கூரை போன கடைக்குள் நனையாமல் எஞ்சியிருந்த பால்மாப் பேணிகளையும் சீனியையும் கொள்விலைக்கே கொடுத்தார். வண்டிக் காவலரான சிங்கள உத்தியோகத்தர் குழந்தைகளையும் நோயாளரையும் முன்வகுப்புப் பெட்டிக்கு மாற்றினார். எவரிடமும் சீட்டைக் கேட்கவில்லை. ஆலைத் தொழிலாளி அயலிலுள்ள வீடுகளுக்குச் சென்று, தமது மொழியிற் பேசி, இரண்டு பெரிய பானைகளையும் ஒரு சாக்கு அரிசியையும் கொண்டு வந்தார். அரிசி தந்த வீட்டுக்காரருக்கும் அன்று கூரை இல்லை. ஈர விறகு எரிய மறுத்தது. முறிந்து கிடந்த ஒரு கடைப்பலகையை உடைத்து மூட்டினோம். மாலையில் எல்லோருக்கும் உப்புக் கஞ்சி கிடைத்தது.

துன்பம் வந்தால் மனிதர் எல்லோரும் நல்லவராகி விடுவர் என்று நான் சொல்லவில்லை. தம் பெட்டிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். ஒரு பாணை மூன்று மடங்கு விலைக்கு விற்றவர் ஒருவரும் இருந்தார். ஆயினும் அவர்கள் சிலரே. பெரும்பாலோருக்கு இருந்த குறை மனமின்மையன்று. எங்கே தொடங்குவது என்பது தெரியாமையே. பெத்தாவின் மூன்று கேள்விகள் அந்தத் தொடக்கத்தைக் கொடுத்தன.

சனிக்கிழமை காலை பாதைத் தொழிலாளர்கள் கோடரியும் வாளுமாகக் கிழக்கே புறப்பட்டார்கள். வண்டி எப்போது செல்லுமென்று அவர்களாற் கூற முடியவில்லை. மட்டக்களப்புவரை இன்னும் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். இளைஞர் சிலரும் நானும் ஆலைத் தொழிலாளியும் அவர்களோடு செல்வதென்று தீர்மானித்தோம். மரம் வெட்ட அவர்களுக்குக் கை வேண்டும். எங்களுக்கு வழி வேண்டும். பெத்தாவிடம் விடைபெற்றபோது, கட்டாத கண்ணால் என்னை உற்றுப் பார்த்தார்.

"போய்ப் பார் மனே. என்ன கண்டாலும் நிண்டு பார். ஓடிராத" என்றார்.

மன்னம்பிட்டிப் பாலத்தை நடந்தே கடந்தோம். அந்நாளில் அந்த ஒரே பாலத்தின் மீதுதான் புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் மாறிமாறிச் செல்லும். கீழே மகாவலி கலங்கி, மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. அப்பால் பல மைல்களுக்கு வெட்டுவதும் இழுப்பதும் நடப்பதுமாகச் சென்றோம். சிலிப்பர்க் கட்டைகளின் இடைவெளி மனிதனுடைய காலடிக்குப் பொருந்தாது. ஒன்றொன்றாய் வைத்தால் குறுகும், ஒன்றைத் தாண்டினால் நீளும். இரவு காட்டோரத்திலிருந்த ஒரு சிறு நிலையத்திலே தங்கினோம். 1924இல் சுட்டு வீழ்த்தப்பட்ட, ஆட்கொல்லியெனப் பெயர்பெற்ற புனானைச் சிறுத்தையின் கதையை ஒருவர் தொடங்கினார். அன்று எவருக்கும் அதைக் கேட்கும் மனமில்லை. மறுநாள் வழியில் வந்த உழவு இயந்திரமொன்று எங்களை வாழைச்சேனைவரை ஏற்றிச் சென்றது. ஆலைத் தொழிலாளி அங்கே இறங்கினார். அவர் தங்கியிருந்த குடியிருப்பு எந்த நிலையில் இருந்ததென்பது அவருக்கும் தெரியாது. என் தோளைத் தட்டி, "அம்மா இருப்பார், மல்லி" என்று தமக்குத் தெரிந்த தமிழிற் சொல்லிவிட்டுச் சென்றார்.

அதற்குப் பின் நான் கண்டதை ஓர் உவமையாற் சொல்லக் கூசுகிறேன். நேராகவே சொல்கிறேன். தென்னைகள் நிற்கவில்லை. வழிநெடுக ஒரு தோட்டமும் தப்பவில்லை. சில வேரோடு கிடந்தன. சில இடுப்பளவில் முறிந்திருந்தன. சில தலையிழந்து தூண்களாக நின்றன. மட்டக்களப்பு மாவட்டத் தென்னைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அழிந்தனவென்றும், உயிரிழந்தோர் தொகை 900க்கு மேலென்றும், சேதமடைந்த வீடுகள் இரண்டு இலட்சத்து ஐம்பதினாயிரம் அளவினவென்றும் பின்னர் கணக்கிட்டார்கள். ஊரை நெருங்கியபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். ஒரு வளவில் மரங்கள் தெற்கே தலைவைத்துக் கிடந்தன. அவற்றின் மேலேயே வேறு மரங்கள் வடக்கே தலைவைத்துக் கிடந்தன.

அதன் காரணத்தைத் தாயார்தான் சொன்னார். ஆம், அவர் உயிரோடிருந்தார். கல்லடிப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்து, எங்கள் வளவு எதுவென்று தெரியாமல் நான் கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டியாரும் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார். கையிலே காயம், உயிருக்கு மோசமில்லை. வடக்கிலிருந்து வீசிய காற்று நள்ளிரவிலே திடீரென்று அடங்கியதாம். வானத்தில் நட்சத்திரங்கூடத் தெரிந்ததாம். புயல் போய்விட்டதென்று பலர் வீடுகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். தாயார் மட்டும், இந்த அமைதி நல்லதன்று என்று உள்ளம் சொன்னதால், பாட்டியாரைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார். அரைமணி நேரத்தில் அதே வேகத்தோடு தெற்கிலிருந்து காற்று வந்தது.

சூறாவளியின் இயல்பு அதுவே. நமது பக்கத்திற் காற்று கடிகார முட்களுக்கு எதிர்த்திசையிற் சுழலும். நடுவே கண் போன்ற ஓர் அமைதி இருக்கும். அந்தக் கண் கடந்ததும் மறுபக்கத்துக் காற்று எதிர்த்திசையிலிருந்து மோதும். முதற்காற்றுக்குத் தப்பிய எங்கள் அயலவர் ஒருவர் அந்த இடைவேளையில் தமது மாட்டைப் பார்க்கச் சென்றார். திரும்பி வரவில்லை. கடலோரத்தில் வாழும் ஒவ்வொரு பிள்ளையும் இதைக் கற்றிருக்க வேண்டும்: திடீரென்று வந்த அமைதி, முடிவென்று பொருள்படாது.

தாயார் என்னிடம் முதலிற் கேட்டது வீட்டைப் பற்றியன்று, தென்னையைப் பற்றியுமன்று. "வண்டி கவிழ்ந்ததெண்டு சொன்னாங்கள். நீ அதில இருந்தாயா?" என்பதே. நான் அவர்களைப் பற்றி வதந்தி கேட்டுக் கலங்கிய அதே இரண்டு நாட்களும், அவர் என்னைப் பற்றி வதந்தி கேட்டுக் கலங்கியிருக்கிறார்! கம்பிகள் அறுந்தபோது இருபுறமும் ஒரே இருளே இருந்தது.

நாற்பத்திரண்டு தென்னைகளில் மூன்று நின்றன. அடுத்த தவணைக்கு நான் கொழும்பு திரும்பவில்லை. நிவாரண வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கிராமம் கிராமமாகச் சென்று பட்டியல் எழுதினேன். முதல் மூன்று நிரல்களையும் எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை: பால்குடிப் பிள்ளைகள், நோயாளர், கையில் ஒன்றுமில்லாதவர். இரண்டு ஆண்டுகளின் பின்னரே படிப்பைத் தொடர முடிந்தது. தாயார் அந்த மாரியிலேயே தென்னம்பிள்ளைகளை நட்டுவிட்டார். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். "நீ தின்னாட்டி ஆரும் தின்பாங்கள்தானே" என்றார்.

அதற்குப் பின்னும் அந்தப் பாதை பலமுறை அறுந்தது. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் வண்டி எங்கள் ஊர்வரை வரவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையையும் அழித்தது. அன்று தெற்கே பெரலியவில் நின்ற புகையிரதத்தில் 1000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று கையிலே தொலைபேசி இருக்கிறது; புயல் வருமுன் அதன் பெயரும் பாதையும் நமக்குத் தெரிகின்றன. இவை பெரிய நன்மைகள். எனினும் கம்பங்கள் சாய்ந்தால் இந்தக் கருவியும் மௌனமாகும். அப்போது அருகிலே இருப்பவர் மட்டுமே நமக்கு மிஞ்சுவர்.

பெத்தாவை நான் மறுபடி காணவில்லை. அவர் பேரன் அவரைப் பத்திரமாக ஊர் சேர்த்தான் என்று மட்டும் காக்கா பின்னொரு நாள் ஏறாவூர்ச் சந்தையிற் சொன்னார். கண்ணும் தெளிந்துவிட்டதாம்.

ஆகவே, நெடுந்தூரம் பிரயாணம் செய்யும் மாணவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஒரு போத்தல் தண்ணீரும், ஒரு வேளைக்கு மேலதிகமான உணவும், ஒரு பென்சிலும் கடதாசியும் கொண்டு செல்லுங்கள். வண்டி இடைவழியில் நின்று, எவரிடமும் செய்தி இல்லாத நேரம் வந்தால், செய்திக்காக அலையாதீர்கள். உங்கள் பெட்டியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.